மரக்கறிப் பலகையில் பற்றறித் தட்டு

ஒக்ரோபர் 24, வியாழன், 1996
மழை. பல்கனியில் உடுப்புக் காயவில்லை. வாங்க வேண்டியது: வெங்காயம், சவர்க்காரம், இவருக்குச் சப்பாத்து லேஸ்.

இவர் அலுமாரிக்கு மேலிருந்த றிமோட் காரை இறக்கியிருக்கிறார். போன வருடம் நான் பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது இத்தாலியன்களின் பலாரோ சந்தையில் பழசாக வாங்கியது. பிறக்கப்போகிற மகனுக்காம். அன்றைக்குச் சிரித்தேன். டிசம்பரில் பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. அதற்குப் பிறகு காரை இருவருமே தொடவில்லை. பிள்ளையைப் பற்றி இவர் ஒரு வார்த்தை கதைத்ததுமில்லை.

இப்போது என்னத்துக்கு? கேட்டால், கிடைத்த பற்றறி காரின் குழிக்குள் அடங்காதாம், ஒரு விரலளவு நீளம் கூடவாம், அதை வைக்கப் புதிதாகத் தட்டு செய்ய வேண்டுமாம். நான் கேட்டது அதையா?

ஒக்ரோபர் 26, சனி
நல்ல வெயில். உடுப்பு காய்ந்தது.

பிளைவூட்டில் தட்டு செய்து முற்றத்தில் ஓடவிட்டார். கார் சுவரில் முட்டி, தட்டு ஆணி போட்ட இடத்தால் பிளந்தது. கீழ் வீட்டுச் சாரா படியிலிருந்து பார்த்துச் சிரித்தாள். ஆறு வயது, தாய் தனியே வளர்க்கும் பிள்ளை. பெரிய குழப்படிக்காரி.

ஒக்ரோபர் 27, ஞாயிறு
தேவாலயத்தில் பூசை முடிந்து சுவாமி கூப்பிட்டார். நவம்பரில் இறந்தவர்களின் பெயர் வாசிப்பார்களாம், எங்கள் பிள்ளையின் பெயரையும் தரச் சொன்னார். பெயரே வைக்கவில்லையே. தகப்பன்தான் வைக்க வேண்டும் என்று வயிற்றில் இருக்கும்போதே விட்டிருந்தேன்.

பஸ்ஸில் கேட்டேன். "ஒரு பேர் சொல்லுங்கோவன்." இவர் யன்னலால் வெளியே பார்த்தபடி வந்தார். வீட்டுக்கு வந்ததும் அரத்தை எடுத்து அலுமினியம் ராவத் தொடங்கிவிட்டார். கிறீச் கிறீச். இவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. பிறகு பாவமாகவும்.

ஒக்ரோபர் 29, செவ்வாய்
அலுமினியமும் சரிவரவில்லை. விளிம்பு பற்றறியின் மேலுறையைத் தேய்த்து, உள்ளே கம்பியில் முட்டி, வீடெல்லாம் கருகல் மணம். இவரின் விரலிலும் வெட்டு. துணி சுற்றிவிட்டேன். விசரோ என்று ஏசினேன். "பாரமில்லை, உறுதிதான். ஆனா பிள்ளையளின்ர கையை வெட்டும்," என்றார். எந்தப் பிள்ளையள்? கேட்கப் பயமாக இருந்தது.

நான் வேலை செய்யும் வீட்டு அம்மா, இத்தாலியச் சிஞ்ஞோரா, கதை சொன்னார். இங்கே நவம்பர் இரண்டாம் திகதி, செத்தவர்கள்தான் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் கொண்டுவருவார்களாம். யார் கொண்டுவந்தது என்று பிள்ளைகள் கேட்டால் தாத்தா, மாமா என்று ஆளைச் சொல்ல வேண்டுமாம். எங்கள் பக்கம் நாங்கள்தான் செத்தவர்களைப் புதைத்த சேமக்காலைக்குப் பூக் கொண்டுபோவோம். குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஒக்ரோபர் 31, வியாழன்
என்னுடைய புது மரக்கறிப் பலகை பாதியாகக் கிடக்கிறது! வெள்ளைப் பிளாஸ்ரிக், தடிப்பானது, போன மாதம்தான் வாங்கினேன். அறுத்துத் தட்டு செய்துவிட்டார். பிளக்காதாம், மின்சாரம் பாயாதாம், விளிம்பை ராவிவிட்டால் கன்னத்திலும் வைக்கலாமாம். பசை ஒட்டாது, ஆகவே திருகாணி. சூடு போக அடியில் துளைகள். பற்றறியை இறுக்க மேலே ஒரு பட்டி.

படியிலிருந்து வேண்டுமென்றே விழுத்திப் பார்த்தார். பற்றறி அசையவில்லை. "இது காணும், இனி மாத்தத் தேவையில்லை," என்றார். எனக்கு வெங்காயம் வெட்டப் பாதிப் பலகை காணுமாக்கும்.

நவம்பர் 2, சனி
மப்பு வானம். குளிர்.

சேமக்காலைக்குப் போகப் பூவும் மெழுகுதிரியும் எடுத்தேன். இவர் காரைக் கடதாசியில் சுற்றிக் கையில் வைத்திருந்தார். பிள்ளையின் குழியில் வைக்கப்போகிறார் என்று நினைத்தேன். பூவோடு பின்னால் இறங்கினேன்.

கீழ் வீட்டுக் கதவைத் தட்டினார். தாயிடம் முன்பே கதைத்திருக்கிறார் போல. அவர் ஒதுங்கி வழிவிட்டார். சாரா கடதாசியைக் கிழித்தாள். காரைத் தலைகீழாகப் பிரட்டி, பட்டியை இழுத்துப் பார்த்தாள். பிறகு இவரை அண்ணாந்து பார்த்து, யார் கொண்டுவந்தது என்றாள்.

"என்ர மகன்," என்றார் இவர், தெரிந்த அரைகுறை இத்தாலியனில். "ஜெறோம்."

எனக்கும் இப்போதுதான் தெரியும்.

அவனுக்கு எத்தனை வயது என்று கேட்டாள். இவருக்கு வாய் கோணியது. நான்தான் சொன்னேன்.

"வாற மாசம் ஒரு வயசு."