முன்வரிசை நாற்காலி

1921 சூன் 19, ஞாயிறு

"பெரியீர்! தாய்மாரே! பினாங்கின் மின்வண்டி யார் உழைப்பால் ஓடுகிறது? நம் கைகளை அறிவார்கள். நம் முகங்களை அறியார்கள்!" கடற்கரைத் திடலில் இன்று இவ்வாறு தொடங்கினேன். கைதட்டல் ஓய நெடுநேரமாயிற்று. மின்வண்டித் துரையும் சற்று நின்று கேட்டு, "யார் அவன்?" என்று வினவினாராம். ஒன்பது ஆண்டுகளாக அவர் வண்டியில்தான் சீட்டுக் கொடுக்கிறேன்.

சூன் 22

ஆயர் ஈத்தாம் நிறுத்தம் வரை மழை. வண்டி தண்டவாளத்தை விட்டெழுந்து, வெண்புகைக்குள் மிதப்பதாக ஒரு மயக்கம். ஏறுவோரெல்லாம் என்னைப் பெயர் சொல்லி அழைத்தனர். பகற்கனவுதான்; ஆயினும் இருவருக்குச் சீட்டுக் கொடுக்க மறந்தேன்.

சூன் 25

துரை தாயகம் திரும்புகிறார். அடுத்த சனியன்று வண்டிக் கொட்டகையில் எல்லாரையும் நிழற்படம் எடுப்பார்கள்; வழியனுப்புரை என்னுடையது. கணக்கெழுதும் கிராணி செபாஸ்டியன் அண்ணன் என் தோளில் தட்டினார்.

"முன்வரிசை நாற்காலி உனக்கு, சின்னையா. துரையே சொல்லிட்டாரு. சட்டையில பொத்தான் எல்லாம் இருக்கான்னு பாத்துக்க லா."

மூங்கில் பின்னிய நாற்காலி. இன்று நான்குமுறை அதைக் கடந்து சென்றேன்.

சூன் 28

தண்டவாளப் பள்ளத்து மண்ணைக் கம்பியால் கீறியெடுக்கும் பெண்கள் மூவர்: நல்லம்மாள் அக்கா, தனலெட்சுமி, காமாரியா. அவர்கள் கீறாவிடில் வண்டி நகராது. படத்தில் அவர்களுக்கு இடமில்லை. சீருடை அணிந்தவர்க்கே இடமென்று ஆணை.

அக்கா கேட்டார்: "திடல்ல மூஞ்சி தெரியலன்னு பேசுனீங்களே தம்பி. அதுல எங்க மூஞ்சியும் சேத்திதானே?"

ஆம் என்றேன். கிராணியிடம் பேசுவதாகவும் சொன்னேன்.

சூலை 1

பேசவில்லை. ஏன்? நாற்காலி போய்விடுமோ என்றா? ஆயிரம் பேர் முன் அஞ்சாத நாக்கு —

சூலை 2, சனி

வானம் மூடியிருந்தது. ஒளி போதாது, ஐந்து எண்ணும்வரை அசையக் கூடாது என்று சீனப் படக்காரர் மலாய் மொழியில் எச்சரித்தார். அமர்ந்தேன். நாற்காலி குளிர்ந்திருந்தது. எதிரே துரையின் மனைவி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். இதற்குத்தானே ஒன்பது ஆண்டுகள்!

'சத்து... டுவா...' என்று படக்காரர் எண்ணத் தொடங்கியதும் கடைக்கண்ணில் பட்டது — வரிசைக்கு அப்பால், தூணருகே அம்மூவரும். கம்பியைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தனர்.

எழுந்துவிட்டேன். "அக்கா, இங்க வாங்க!" என்று கைவீசினேன்.

அவர்கள் அசையவில்லை. படக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். துரைக்குக் கப்பல் காத்திருந்தது; மறுபடம் எடுக்க நேரமில்லை. வழியனுப்புரையும் இல்லை.

சூலை 3

செபாஸ்டியன் அண்ணன் என்னைக் கண்டதும் வேறு பக்கம் நடந்தார்.

சூலை 11

படம் வந்துவிட்டது. முன்வரிசையில், என் நாற்காலியில் ஒரு புகை. அதனூடே மூங்கில் பின்னல் தெளிவாகத் தெரிகிறது. முகமில்லை. அப்புகைக்கு நேர் கீழே, படம் ஒட்டிய அட்டையில், அண்ணனின் அழகிய கையெழுத்தில் என் பெயர்.

தூணருகே மூன்று முகங்கள், கண்ணிமை முதற்கொண்டு தெளிவாக. வண்டி உரசிச் செல்லும்போது சிலையாக நின்று பழகியவர்கள் அல்லரோ! அவர்களுக்குக் கீழே பெயரில்லை; எழுத இடமில்லாத அட்டை ஓரம்.

வருத்தம் வரும் என்று எண்ணினேன், வரவில்லை. அண்ணனின் மேசைக்குச் சென்றேன். என் பெயரைச் சுரண்டிவிட்டு அவ்விடத்தில் அவர்கள் பெயர்களை எழுதச் சொன்னேன்.

"உன் பேரு இதுல ஏறணும்னுதான் நான் துரைகிட்ட அவ்ளோ சொன்னேன்," என்றார். பின்னர்க் கத்தியை எடுத்தார். சுரண்டி முடித்து, அட்டையைச் சாய்த்துப் பார்த்தார். "ஒரு பேரு இருந்த எடம்லா இது. மூணு பேரு எப்படி அடங்கும்? நாளைக்குப் பாப்போம்."

திடலில் பேசும் குரல் எனக்கு அப்போது வரவில்லை. மெல்லத்தான் சொன்னேன்:

"சிறுசா எழுதுங்கண்ணே. ஆனா இப்பவே எழுதுங்க. நல்லம்மாள். தனலெட்சுமி. காமாரியா."