தீப்பெட்டித் தெருவும் கத்திரிப்பூ நூலும்

ஆவணி 16, திங்கள்

காலையிலிருந்து புழுக்கம். மழை வருவேன் வருவேன் என்று ஏமாற்றுகிறது. பசை காயவே இல்லை.

ஞாயிறு நூலகத்தில் கைவேலைக் கண்காட்சி. தீப்பெட்டிகளில் நான் செய்யும் குட்டித் தெருவையும் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். இதுவரை வெளியாள் யாரும் பார்த்ததில்லை.

ஆனவை: வீடு ஐந்து, தீப்பெட்டி. கூரை, மாத்திரை அட்டை. தண்ணீர்த் தொட்டி, பற்பசை மூடி. கரண்ட் கம்பம், தீர்ந்த ரீஃபில். தறி ஐந்து, ஊதுபத்திக் குச்சி.

பாக்கி: டீக்கடை. ஒரு நாய்.

இன்று ஐந்து தறிக்கும் நூல் சுற்றினேன். நிஜப் பட்டு! கத்திரிப்பூ நிறம். இவர் நெய்துகொண்டிருக்கும் கல்யாணப் புடவையின் நூல்தான். ஊடைநூலைக் குச்சியில் சுற்றிக் கூடையில் வைத்திருந்த தாரில் இரண்டை எடுத்துக்கொண்டேன். நெய்து முடித்துப் புடவையைத் தறியிலிருந்து அறுத்தால் எப்படியும் கைப்பிடி நூல் மிஞ்சும், அது எனக்குத்தான் வரும். நாலு நாள் முன்னால் எடுத்தால் என்ன? மைதாப் பசை தடவித் தடவி ஒட்டினேன். தெருவுக்கே களை வந்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் கர்வம்.

ஆவணி 17, செவ்வாய்

மத்தியானம் இவர் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்தார்.

"சுமதி, கூடைல ரெண்டு தாரு இருந்துதே, பாத்தியா? முடிக்க நாலு விரக்கடைக்கு நூலு பத்தல."

"எப்பவும் மிஞ்சுமே?"

"இந்தத் தபா ரவிக்கைத் துணியும் அதே கலர்ல கேட்டுகினாங்க. எங்கேந்து மிஞ்சும்?"

ரவிக்கை எப்போதும் பார்டர் கலரில்தானே வரும்! என்னிடம் யார் சொன்னார்கள்?

"நான் பாக்கலியே" என்று வாய் சொல்லிவிட்டது. தெருவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

புதிதாகச் சாயம் போட்டால் இதே நிறம் வராது. துணியில் கோடு தெரியும். வெள்ளி மாலை புடவையை வாங்க முதலாளி வருகிறார்.

ஆவணி 18, புதன்

தார் சுற்ற வரும் மல்லிகாவை வந்ததும் வராததுமாக இவர் பிடித்துக்கொண்டார்.

"உன்னாண்டதானம்மா எண்ணிக் குடுத்தேன்?"

"சுத்தி கூடையிலயே வெச்சிட்டேண்ணா. நான் எடுத்துகினு போயி இன்னா பண்ணப்போறேன்?"

"நாளைலேந்து வராத."

அழுதுகொண்டே செருப்பைத் தேடினாள். நான் சமையலறையில். சட்னி எப்போதோ அரைபட்டுவிட்டது, மிக்ஸியை நிறுத்தவில்லை.

சீ, நானெல்லாம் ஒரு மனுஷி.

கேஸ் சிலிண்டர் புக் பண்ணணும்.

ஆவணி 19, வியாழன்

ஒரு தறியை மட்டும் பிய்த்துக் கிண்ணத் தண்ணீரில் போட்டேன். பசை கரைந்தது. நூல் வந்தது. சாயம் போகவில்லை, அம்மாடி! மிச்ச நாலையும் பிய்த்தேன். நிழலில் உலர்த்தி, முடிச்சுப் போட்டுப் போட்டு இரண்டு தாராகச் சுற்றினேன். விரலெல்லாம் எரிச்சல்.

அவர் முன்னால் வைத்தேன். சொன்னேன். முகத்தைப் பார்க்கவில்லை.

"கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டனா?" என்றார். பிறகு, "அந்தப் பொண்ணாண்ட யாரு போயி சொல்றது?"

"நான்தான்."

ஆவணி 20, வெள்ளி

காலையில் மல்லிகா வீடு. எல்லாவற்றையும் கொட்டினேன். "மன்னிச்சிடு மல்லிகா. வேலைக்கு வா" என்றேன்.

அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள்.

"நூலு எடுத்தது பரவால்லக்கா. அண்ணன் என்னியத் திட்டிகினு இருக்கச்சொல நீ உள்ளதான இருந்த. மிக்ஸி சத்தம் கேட்டுகினே இருந்துச்சு."

திரும்பி நடந்தேன்.

புடவை நாலு மணிக்கு அறுத்தாயிற்று. நூல் சரியாக இருந்தது. முதலாளி தடவிப் பார்த்துவிட்டு எடுத்துப்போனார். கோடு இல்லை.

ஆவணி 21, சனி

மல்லிகா வரவில்லை. தார் நானே சுற்றினேன். நூலில்லாத தறிகளைத் தெருவில் திரும்ப ஒட்டினேன். டீக்கடை முடிந்தது. நாய் வேண்டாம்.

ஆவணி 22, ஞாயிறு

நூலகம். நல்ல கூட்டம். மொட்டைத் தறிகளோடு தெருவை மேஜையில் வைத்தேன். மல்லிகா தன் மகளோடு வந்தாள். என் பக்கம் பார்க்காமல் அடுத்த மேஜையில் நின்றாள்.

கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் குனிந்து பார்த்தார். "எல்லாம் ஜோராகீதுமா. தறில நூலைக் காணமே, யாரு எடுத்தது?"

"நான்தாங்க எடுத்தேன்" என்றேன். அடுத்த மேஜைக்கும் கேட்கிற மாதிரி.