இருளாயி அக்கா கொடுத்தனுப்பிய தூக்கு

மட்டாஞ்சேரி,
ஜூலை 26, சனிக்கிழமை.

அன்புள்ள பாக்கியலக்ஷ்மிக்கு,

மணி எழுதுகிறேன். நானும் வீட்டுக்காரரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் உன் அம்மாவும் அந்தக் குளிர் தேசத்தில் நலமாக இருக்க வேண்டும். அத்தையின் மூட்டுவலி குறைந்ததா? எதிர்வீட்டுத் தன்யா செவ்வாய்க்கிழமை உங்கள் ஊருக்கு விமானம் ஏறுகிறாள். அவளிடம் நெத்திலிக் கருவாடும் இந்தக் கடிதமும் கொடுத்துவிடுகிறேன். கருவாட்டை வழியில் பிடுங்கிக்கொண்டாலும் கடிதமாவது வந்து சேரும். வாட்ஸ்அப்பில் எழுதலாமே என்பாய். கல்லூரிப் பழைய மாணவிகள் குரூப்பில் நீயும் இருக்கிறாய், எங்கள் பிரின்சிபல் அம்மிணி டீச்சரும் இருக்கிறார். விரல் தவறி அவருக்குப் போய்விட்டால் என் பிழைப்பு நாறிவிடும்.

முதலில் உன்னைத் திட்டிவிடுகிறேன். ஏப்ரலில் குரூப்பில் ஒரு பட்டியல் போட்டாயே, "உயர்நிலைப் பள்ளி ஹோம் சயன்ஸ் வகுப்புக்குப் பருவத்துக்கேற்ற ஐம்பத்திரண்டு யோசனைகள்" என்று, அதை உன்னிடம் யாரடி கேட்டார்கள்? நீ அங்கே பாடம் நடத்துகிறாய், சந்தோஷம். அங்கேயே நடத்து. அம்மிணி டீச்சர் அதைக் கலரில் அச்செடுத்து, லேமினேட் செய்து, ஸ்டாஃப் ரூமில் அரசாங்க உத்தரவு போல மாட்டிவிட்டார். "நம்முடெ குட்டிகளும் லோகம் அறியண்டே மணீ" என்று என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. பிள்ளைகள் உலகத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமாம். லோகம்! அவருடைய லோகம் தோப்பும்படியைத் தாண்டியதில்லை.

உன் பட்டியலில் நான்கு பருவங்கள் இருக்கின்றன. அதில் மழைக்காலம் இல்லை. மட்டாஞ்சேரியில் பிறந்து, முழங்கால் தண்ணீரில் பாவாடையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவளுக்கு மழை மறந்துவிட்டது. இலையுதிர் காலத்தில் விழுந்த இலைகளால் சாப்பாட்டு மேசையை அலங்கரிக்க வேண்டுமாம். எங்கள் வளாகத்தில் இருப்பது ஒரே ஒரு பாதாம் மரம். ஜூனில் அதன் இலைகளைப் பொறுக்கச் சொன்னார் அம்மிணி டீச்சர். இலையோடு அட்டையும் வந்தது. இரண்டு பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடின. அடுத்தது பூசணிக்காயில் முகம் செதுக்குவது. அவர் பணம் கொடுத்து வாங்கி வைத்த பூசணியை மதியச் சமையல்காரி எரிசேரி வைத்துவிட்டாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஹோம் சயன்ஸ் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

பிப்ரவரிக்கு நீ எழுதியிருப்பதைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். குழந்தை வளர்ப்பின் பொறுப்பு தெரிய, ஐந்து ராத்தல் மாவுப் பையைக் குழந்தை என்று நினைத்து ஒரு வாரம் இடுப்பில் சுமக்க வேண்டுமாம்! என் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேர் தம்பி தங்கையைக் குளிப்பாட்டி, தலைதுவட்டி, சோறு ஊட்டிவிட்டு முதல் மணி அடித்த பிறகு ஓடி வருகிறவர்கள். அவர்களிடம் மாவுப் பையைக் கொடுத்தால் வீட்டுக்குக் கொண்டுபோய் தோசை சுட்டுவிடுவார்கள். அதுதான் புத்திசாலித்தனமும்கூட.

ஒரு யோசனை மட்டும் உருப்படி. நாற்பத்தோராவது. ஒவ்வொரு பிள்ளையும் அந்தப் பருவத்தில் தன் வீட்டில் உண்மையாகவே சமைப்பதைக் கொண்டுவர வேண்டும், ஆசிரியை எல்லார் முன்னாலும் அதை ருசித்துப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். அம்மிணி டீச்சர் அதைப் பிடித்துக்கொண்டு, கர்க்கிடக மாதம் பிறந்த மறுநாள் வெள்ளிக்கிழமை "மழைக்கால உணவு மேளா" வைத்தார். பரிசு கொடுக்கக் காக்கநாட்டிலிருந்து சத்துணவு நிபுணி ஒருத்தி வந்தாள். கையில் விலையுயர்ந்த தண்ணீர் பாட்டில், வாயில் நாரத்தங்காய் தின்றது போல ஒரு சுளிப்பு. இருபத்துமூன்று பிள்ளைகளில் பத்தொன்பது பேர் கொண்டுவந்தது கடையில் விற்கும் பாக்கெட் கர்க்கிடகக் கஞ்சி. மூன்று பேர் வெறுங்கை. வகுப்பு முழுக்க ஒரே வெந்தய வாசனை. பாக்கெட்டைக் கொதிக்கவைத்ததற்கு நிபுணி பாரம்பரியம் பற்றி அரை மணி நேரம் பேசினாள். நானும் தலையாட்டினேன்.

ஒருத்தி மட்டும் வீட்டில் செய்ததைக் கொண்டுவந்திருந்தாள். அவளைப் பற்றி எழுதத்தான் இவ்வளவு நேரம் ஊரையெல்லாம் திட்டிக்கொண்டிருக்கிறேன். அடுப்பில் பால் பொங்குகிறது, நாளை எழுதுகிறேன்.

ஜூலை 28, திங்கள்.

நேற்று எழுதவில்லை. எழுத மனம் வரவில்லை என்பதுதான் நிஜம். பால் ஒன்றும் பொங்கவில்லை.

அந்தப் பெண் பேச்சி. பிளஸ் டூ. உனக்கு அவளைத் தெரியாது, அவள் அம்மாவைத் தெரியும். நம் கார்ப்பரேஷன் குவார்ட்டர்ஸில் கடைசி வீட்டு இருளாயி அக்கா. என் அம்மாவோடும் உன் அம்மாவோடும் ஒரே குழுவில் பஜார் ரோடு கூட்டியவள். இன்றும் கூட்டுகிறாள். எட்டாம் வகுப்பில் நமக்கு மஞ்சள்காமாலை வந்தபோது கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தவள்.

என்னைப் பற்றி உனக்குத் தெரிந்தது இந்தப் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாது. இங்கே நான் பி. மணி டீச்சர். அந்த "பி"க்கு என்ன விரிவு என்று ஒருவரும் கேட்டதில்லை. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம் என்று அவர்களே நினைத்துக்கொண்டார்கள், நான் மறுக்கவில்லை. பத்தொன்பது வருடமாக மறுக்கவில்லை. வீட்டைத் தேவராவுக்கு மாற்றிக்கொண்ட ஆறு வருடமும் இதை மறைக்கும் எண்ணத்தில்தான். வாடகை கட்டுப்படியாகாமல் திரும்பி வந்தேன். வந்தபிறகும் அந்தக் குவார்ட்டர்ஸ் தெருவழியாகப் போவதில்லை. சுற்றிக்கொண்டு போவேன்.

பேச்சி இரண்டு தூக்கு கொண்டுவந்தாள். ஒன்றில் கேப்பைக் கூழ், சின்ன வெங்காயம் மிதந்தது. பக்கத்தில் வாழையிலையில் கருவாட்டுத் தொக்கு. நிபுணி மூக்கை மூடாத குறைதான். இது எந்தா மோளே என்று கேட்டாள். "ஆடிக் கூழு டீச்சரே. கர்க்கிடகமும் ஆடியும் ஒண்ணுதானே? எங்க வீட்டுல இந்த மாசம் இதுதான்" என்று பேச்சி பயமில்லாமல் சொன்னாள். எவ்வளவு சரியான பதில்! மேளாவில் பாடத்தைப் புரிந்துகொண்ட ஒரே பிள்ளை. பிறகு மற்ற தூக்கை என் பக்கம் நகர்த்தி, "இது உங்களுக்கு. உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்னு அம்மா தனியா குடுத்துவிட்டுச்சு" என்றாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அம்மிணி டீச்சரின் புருவம் ஏறிவிட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? எனிக்கு இதொந்நும் அறியில்லா என்று மலையாளத்தில் சொன்னேன், இதெல்லாம் என்னவென்றே தெரியாதவளைப் போல. இது பட்டியலில் இல்லாத பண்டம், பின்பெஞ்சில் கொண்டுபோய் வை என்றேன். மதிப்பெண் தாளில் அவள் பெயருக்கு நேரே "கொண்டுவரவில்லை" என்று எழுதினேன். ருசித்துப் பார்க்கவும் இல்லை. உன் ஐம்பத்திரண்டில் ஒன்றே ஒன்று உருப்படியாக இருந்தது, அதையும் கெடுத்தேன்.

எல்லாரும் போனபிறகு எனக்கென்று வந்த தூக்கை ஸ்டோர் ரூமுக்கு எடுத்துப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, நின்றபடியே குடித்தேன். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. அவ்வளவு நன்றாக இருந்தது. நிபுணியையும் அம்மிணி டீச்சரையும் உன்னையும் நான் கேவலமாக எழுதியதெல்லாம் சேர்த்தாலும், அந்தக் கதவுக்குப் பின்னால் வாயைத் துடைத்துக்கொண்டு நின்றவளுக்கு ஈடாகாது.

இதற்கு மேலும் ஒன்று செய்தேன். மேளா முடிந்து போன திங்கட்கிழமை பேச்சி வகுப்புக்கு வந்திருந்தாள். முகம் வாடியிருந்தது, ஆனாலும் வந்தாள். எனக்கோ அந்தத் தூக்கு ஸ்டாஃப் ரூமில் யார் கண்ணிலும் படக்கூடாது என்ற பயம். கழுவி, பிளாஸ்டிக் பையில் சுற்றி, அட்டெண்டர் அஜீஷிடம் கொடுத்து இருளாயி அக்கா வீட்டில் கொடுத்துவிடச் சொன்னேன். வெறும் தூக்கடி, பாக்கியலக்ஷ்மி. நம் தெருவில் யார் வீட்டுப் பாத்திரமாவது வெறுமனே திரும்பியதுண்டா? ஒன்றுமில்லாத நாளில்கூட அத்தை ஒரு பிடி உப்பாவது போட்டுத்தானே அனுப்புவார்? வெறும் பாத்திரம் வந்தால் இனி இந்த வாசலில் கொடுக்கல் வாங்கல் வேண்டாம் என்று அர்த்தம். அது எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த நிமிடம் நினைப்பு வரவில்லை. அவ்வளவு தூரம் பி. மணி டீச்சர் ஆகிவிட்டிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து பேச்சி வரவில்லை. மேளாவில் அவமானப்பட்டும் வந்த பிள்ளை, தூக்கு போய்ச் சேர்ந்தபிறகு நின்றுவிட்டாள். தோப்பும்படியில் ஒரு இறால் உரிக்கும் ஷெட்டில் சேரப்போகிறாள் என்று வகுப்பில் பேசிக்கொள்கிறார்கள். பதினைந்து வேலைநாள் தொடர்ந்து வராவிட்டால் பேரை எடுத்துவிடுவேன் என்று அம்மிணி டீச்சர் சொல்லிவிட்டார். கணக்குப்படி ஆகஸ்ட் பதினொன்று. சமையலில் அவள் கைக்கு இணை என் வகுப்பில் இல்லை. கல்லூரிக்குப் போக வேண்டிய பெண்.

வியாழக்கிழமை பஜார் ரோட்டில் இருளாயி அக்காவை நேருக்கு நேர் பார்த்தேன். துடைப்பத்தை நிறுத்திவிட்டு, "தூக்கு வந்துச்சு டீச்சர்" என்றாள். அவ்வளவுதான். என்னை டீச்சர் என்று அவள் கூப்பிட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது உன்னிடம் ஒரு உதவி கேட்கிறேன். ஆகஸ்ட் எட்டு, ஆடி நாலாம் வெள்ளி. அன்று வகுப்பில், பிள்ளைகள் முன்னால், அம்மிணி டீச்சரையும் உட்காரவைத்துக் கூழ் காய்ச்சப் போகிறேன். யாரிடம் குடித்து வளர்ந்தேன் என்பதையும் சொல்லிவிடுவேன். மதிப்பெண் தாளில் நான் எழுதிய பொய்யை அடித்துத் திருத்துவேன். அம்மாவின் பழைய தூக்கைப் பரணிலிருந்து இறக்கிப் புளி போட்டுத் துலக்கி வைத்திருக்கிறேன். அது நிறையக் கூழோடு, நான் நடந்துபோய், கடைசி வீட்டு வாசலில் நிற்க வேண்டும். இருளாயி அக்கா வாங்குவாளா, கதவைச் சாத்துவாளா, தெரியாது. சாத்தினாலும் அது நியாயம்தான்.

ஆனால் எனக்குக் கூழ் காய்ச்சத் தெரியாது. சிரிக்காதே. பத்தொன்பது வருடம் ஹோம் சயன்ஸ் டீச்சர், கேப்பை மாவு எத்தனை நேரம் புளிக்க வேண்டும், நொய் எவ்வளவு, உப்பு எப்போது என்று ஒன்றும் தெரியாது. அம்மா காய்ச்சும்போதெல்லாம் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய் உட்காருவேன். கேட்க அவளும் இல்லை. அத்தையிடம் கேட்டு, அவர் குரலிலேயே பதிவு செய்து, எட்டாம் தேதிக்கு முன்னால் எனக்கு மட்டும் அனுப்பு. குரூப்பில் போட்டுத் தொலைக்காதே.

அங்கே எல்லாரையும் அம்மன் காப்பாற்றட்டும். அத்தை யாருக்கு என்று கேட்டால் மணி டீச்சருக்கு என்று சொல்லிவிடாதே. அவருக்கு அந்தப் பெயரில் யாரையும் தெரியாது. கடைசி வீட்டுக்குக் கூழ் கொண்டுபோகிறாள் என்று சொல், எந்தப் பெண் என்று அவருக்கே தெரிந்துவிடும்.

உன்,
பிச்சைமணி