தங்கக் கோடு இல்லாத பேனர்

மானாம்பதி,
ஜனவரி 12.

அன்புள்ள மகள் செவ்வந்திக்கு அம்மா அம்முலு எழுதுவது. இங்கே நான், உன் நைனா, சினையாக இருக்கிற ஆடு எல்லோரும் கர்த்தர் கிருபையில் சுகம். அங்கே நீயும் உன்னைச் சுமந்துகொண்டு தீவு தீவாகத் திரியும் கப்பலும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபம் பண்ணுகிறேன். போனில் பேசினால் நீ அழுவாய், நீ அழுதால் நான் கத்துவேன், அதற்குள் சிக்னல் போய்விடும், அதனால்தான் நோட்டுத் தாளில் எழுதுகிறேன். நூறு நாள் வேலையில் ஆள் கணக்கெடுக்கும் மேட்டாக இருந்து எல்லோர் பேரையும் எழுதிப் பழகிய கை, படிக்க முடியும். எதிர்வீட்டுத் தமிழ்ச்செல்வி போட்டோ எடுத்து அனுப்புவாள். அடுத்த தீவில் கப்பல் நிற்கும்போது ஓரமாக உட்கார்ந்து முழுசாகப் படி, பாதியில் மூடி வைக்காதே.

நீ அனுப்பிய வாய்ஸை மூன்று முறை கேட்டேன். இந்த மாதக் கடைசியில் காண்ட்ராக்ட் முடிகிறது, அடுத்த முறைக்கு சூப்பர்வைசர் ஆக்குகிறோம் என்கிறார்கள், ஆனால் கையெழுத்துப் போடப் போவதில்லை, ஊரே சிரிக்கிறது, ஏனாத்தூரில் ஏதாவது ஹாஸ்டலில் வேலை பார்த்துக்கொள்கிறேன் என்கிறாய். நான் சொல்கிறேன், நீ அப்படி வரக் கூடாது. லீவுக்கு வா, கறிக்குழம்பு வைத்துப் போடுகிறேன், கால் அமுக்கிவிடுகிறேன். வெட்கப்பட்டு ஓடி வருகிறவளுக்கு இந்த வீட்டில் பாய் விரிக்க மாட்டேன். பெற்ற பெண்ணிடம் இப்படிப் பேசுகிறாளே என்று நினைத்துக்கொள், பரவாயில்லை.

இதற்கெல்லாம் காரணம் நாங்கள்தான், அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். சசிரேகா அத்தை பெண்ணின் மஞ்சள் நீராட்டுக்கு பஸ் ஸ்டாப்பில் பேனர் வைத்தோமே, அதில் உன் யூனிபார்ம் போட்டோவைப் போடச் சொல்லி உன் நைனா உத்திரமேரூர் எல்லப்பன் கடையில் கொடுத்தார். எல்லப்பன் சும்மா இருப்பானா, சட்டைத் தோளில் இரண்டு பக்கமும் தங்கக் கோடு மூன்று மூன்று போட்டு, கீழே கப்பல் ஆபீசர் என்று எழுதிவிட்டான். நைனா வாயெல்லாம் பல்லாக வந்து நின்றார். நீ அறை சுத்தம் செய்யும் வேலைக்குப் போயிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கோடு எனக்கும் பிடித்திருந்தது, பொய் சொல்ல மாட்டேன். பால் வாங்கப் போகும்போதெல்லாம் நின்று பார்த்துவிட்டு வருவேன்.

நம்ம நேரம், அமெரிக்காவில் இருக்கிற கிருத்திவாசன் அப்பா அம்மாவைக் குளிர்காலத்துக்குக் கப்பலில் அழைத்துப் போகிறேன் என்று உன் கப்பலுக்கா வர வேண்டும். அவன் அப்பா வேதாந்தம் சாருடைய நிலத்தில்தான் நான் இத்தனை வருஷமாக நடவு நடுகிறேன். கப்பலுக்குள் நீச்சல் குளம், நாள் முழுக்கச் சாப்பாடு, ஜன்னலைத் திறந்தால் தென்னை மரத் தீவு என்று வீடியோ வீடியோவாகப் போட்டான். அதில் ஒன்றில் நீ குனிந்து மெத்தைக்குத் துணி மாற்றிவிட்டு, துண்டை மடித்து யானை செய்து கட்டிலில் வைக்கிறாய். ஒரு நாளில் அது ஊர் முழுக்கச் சுற்றிவிட்டது. உன் நைனா விடியும் முன்னே போய் பேனரைக் கழற்றி வைக்கோல்மேல் கவிழ்த்துப் போட்டுவிட்டு, இரண்டு நாள் டீக்கடைப் பக்கமே போகவில்லை. சசிரேகா அத்தை வாசலில் வந்து நின்றுகொண்டு, இன்னா அண்ணி, ஆபீசர்னு சொல்லிக்கினு இருந்தீங்கோ, பொண்ணு அங்க கக்கூஸ் கழுவிக்கினு கீதாமே, நாளைக்கு யாரு கட்டுவாங்கோ என்றாள். உன் வூட்டு கக்கூஸ யாரு கழுவறாங்கோ, நீதானே, உன்ன உன் வூட்டுக்காரரு கட்டிக்கலியா என்று கேட்டேன். அதோடு போனவள் இன்னும் இந்தப் பக்கம் வரவில்லை.

அவர்கள் சிரித்தது என்னை ஒன்றும் செய்யவில்லை. வேறு ஒன்றுதான் சுட்டது. போன வாரம் நவரைப் பட்டத்து நெல் நடவில் இருந்தபோது ரங்கநாயகி அம்மா, அதாவது கிருத்திவாசன் அம்மா, ஆள் அனுப்பிக் கூப்பிடாமல் தானே வரப்பு வரைக்கும் நடந்து வந்தார்கள். கப்பலில் இரண்டு நாள் தலை தூக்க முடியாமல் வாந்தி எடுத்தார்களாம். அந்தச் சாப்பாடு எதுவும் உள்ளே போகவில்லையாம். நீ சமையலறையில் கேட்டு வெறும் சோறும் தயிரும் வாங்கி வந்து, உன் பெட்டியிலிருந்து நார்த்தங்காய் ஊறுகாய் எடுத்து வைத்தாயாம். அதைத் தின்றுதான் எழுந்து உட்கார்ந்தேன் அம்முலு, அது உன் கை ஊறுகாயா என்றார்கள். ஆமாம் என்றேன். எனக்குச் சிரிப்பு வந்தது செவ்வந்தி. அவர்கள் வீட்டுக் கொல்லைக் கதவைத் தாண்டி நான் உள்ளே போனதில்லை, எனக்கென்று ஒரு டம்ளர் மதில்மேல் தனியாக இருக்கும். நடுக்கடலில் என் ஊறுகாய் அவர்கள் தட்டுக்குப் போய்விட்டது. இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டார்கள். இருக்கு, வூட்டுக்கு வந்து குந்தி, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வாங்கிக்கினு போங்கோ என்றேன். கேட்காமல் உன்னைப் படம் எடுத்தது தப்பு என்றும் சொன்னேன். மகனிடம் சொல்லி அந்த வீடியோவை அழிக்கச் சொல்கிறேன் என்றார்கள், அவனும் அழித்துவிட்டான். ஊறுகாய்க்கு இன்னும் வரவில்லை. ஜாடி இருக்கிறது, வந்தால் கொடுப்பேன்.

போகும்போது ஒன்று சொன்னார்கள். எந்த ஊரும்மா என்று உன்னைக் கேட்டதற்குச் சென்னை என்றாயாம், தெரிந்த முகமாக இருந்ததால் திரும்பக் கேட்டதற்கும் சென்னைதான் என்றாயாம். அதைக் கேட்டதும் கையில் இருந்த நாற்றை அப்படியே போட்டுவிட்டேன். வேலைக்கு நீ வெட்கப்படலாம், அது போகும். சேற்றில் நிற்கிற என்னை நினைத்து வெட்கப்பட்டாயோ என்று நினைத்தேன். பிறகு வைக்கோல்மேல் கிடந்த பேனரைப் பார்த்தேன். நாங்கள் தோளில் கோடு ஒட்டினோம், நீ ஊரை மாற்றினாய், இரண்டும் ஒரே பொய்தான், உன்னை மட்டும் எப்படித் திட்டுவது என்று தோன்றியது.

மறுநாளே எல்லப்பன் கடைக்குப் போனேன். தமிழ்ச்செல்வி போனில் இன்னும் இருந்த அந்த வீடியோவிலிருந்து நீ துண்டு யானையோடு நிற்கிற படத்தை எடுக்கச் சொன்னேன். இன்னாக்கா, இப்படியெல்லாம் யாருனா பேனர் வைப்பாங்களா, ஒரே ஒரு கோடு போட்டுத் தரேன் என்றான். கோடு போட்டீனா உன் கடையிலயே கிழிச்சிப் போடுவேன் என்றேன். நான் சொல்லச் சொல்ல அவன் டைப் அடித்தான். நேற்று முதல் அது பஸ் ஸ்டாப்பில் பழைய இடத்திலேயே நிற்கிறது. அதில் இருப்பது இதுதான்: மானாம்பதி ஏசுதாஸ் அம்முலு மகள் செவ்வந்தி, கப்பலில் பதினாறு அறைகளைச் சுத்தம் செய்கிறாள், சந்தேகம் உள்ளவர்கள் வீட்டில் வந்து கேட்கவும். இதுவரை ஒருவரும் கேட்க வரவில்லை. உன் நைனா முதலில் தலையில் கை வைத்தார். இன்று காலை அதன் அடியிலேயே நின்று டீ குடித்தார், பார்த்துக்கொண்டுதான் வந்தேன்.

சோப்புத் தண்ணீரில் விரல் வெடிக்கிறது என்றாயே, படுக்கும் முன் தேங்காய் எண்ணெய் தடவு. மெத்தையைத் தனியாகத் தூக்காதே, இடுப்பு போய்விடும். சூப்பர்வைசர் ஆனால் உன் கீழே இருப்பவர்களை விரட்டாதே, என்னை விரட்டியவர்களை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. கர்த்தர் நீ கால் வைக்கும் கரையிலெல்லாம் உன்னோடு இருப்பார், உன் கைகளை ஆசீர்வதிப்பார். மாதக் கடைசி வரைக்கும் காத்திருக்காமல், இதைப் படித்த கையோடு போய்க் கையெழுத்துப் போடு. இனி எந்த ஊர் என்று யார் கேட்டாலும் மானாம்பதி என்று சொல், பேனரில் எழுதிவிட்டேன், மாற்ற முடியாது.

இப்படிக்கு,
கப்பலில் அறை சுத்தம் செய்யும் செவ்வந்தியின் அம்மா,
அம்முலு