அந்தோணியின் விமானத் தேர்வு

1959 ஜூலை 6, திங்கள்
விடிந்ததிலிருந்து மழை. எங்கள் ஊர் கிளேபாங்கில் கடல் ஒரே சாம்பல். திருத்த வேண்டிய கட்டுரை நோட்டுகள் அப்படியே கிடக்கின்றன.

தம்பி அந்தோணிக்கு விமானப் படையிலிருந்து அழைப்பு. விமானிப் பயிற்சிக்கு. வியாழன் கோலாலம்பூரில் கணக்குத் தேர்வு, மறுநாள் உடல் பரிசோதனை. அம்மா அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லியாயிற்று. “என் புள்ள பிளேன் ஓட்டப் போறான்லா.”

7, செவ்வாய்
வெயில். சைக்கிள் கடை சூசை அண்ணன் வந்தார். சில வருஷம் முன்பு, வெள்ளைக்காரர் ஆட்சியில், விமானத் தொண்டர் படையில் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் விமானம் ஓட்டப் பழகியவர்.

“எங்க காலத்துல இவ்வளவு படிப்பு கேக்கலப்பா. கண்ணுக்கு ரெண்டு விளக்கக் காட்டுவான், எது பச்சை எது சிவப்புன்னு கேப்பான், முடிஞ்சுது. இப்ப நம்ம சொந்த நாட்டுப் படை. சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை பாஸ் பண்ணியிருக்கணும், கணக்குல கெட்டியா இருக்கணும், உடம்பு பூரா சோதனை. சும்மா விட மாட்டாங்க.”

சாயங்காலம் அந்தோணிக்கு அல்ஜீப்ரா. மார்ச்சில் தடுமாறியவன், இப்போது என்னைவிட வேகம். ஏன்டா இந்த விமான ஆசை என்று இன்றுதான் கேட்டேன்.

அப்பா ரெம்பியா பக்கம் ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். எட்டு வருஷமாகிறது, சைக்கிளில் வந்தவரைத் தோட்டப் பாதையில் கம்யூனிஸ்ட்காரர்கள் சுட்டுக் கொன்று.

“அன்னிக்கு மத்தியானம் ஒரு சின்ன பிளேன் காட்டு மேல சுத்திக்கிட்டே இருந்துச்சிக்கா. எல்லாரும் அழுதாங்க. நான் அதையே பாத்துக்கிட்டிருந்தேன். காலையிலயே வந்திருந்தா அவனுங்கள பாத்திருக்கும்ல?”

இன்னொரு கணக்குக் கொடுத்தேன்.

8, புதன்
வெள்ளைச் சட்டை இரண்டு, அப்பாவின் டை, சான்றிதழ்கள், பென்சில், புளிச்சோறு. தம்பின் டவுன் ஸ்டேஷன் வரை பஸ், அப்புறம் ரயில். அம்மா அவன் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினார். பஸ் போன பிறகும் ரோட்டோரத்திலேயே நின்றார்.

11, சனி
வந்துவிட்டான். அம்மா மீன் வாங்கப் பாசாருக்குப் போயிருந்தார். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தான்.

“கணக்குல பாஸ்க்கா. நல்லா செஞ்சிருக்கன்னு ஆபீசரே சொன்னாரு.”

“அப்புறம் என்னடா?”

“கலர் கலரா புள்ளி போட்ட ஒரு புக்கு. புள்ளிக்குள்ள நம்பர் இருக்காம். மத்தவங்க படபடன்னு சொல்றாங்க. டாக்டர் பக்கம் பக்கமா திருப்புறாரு. எனக்கு எல்லாமே வெறும் புள்ளிதான்.”

பச்சையும் சிவப்பும் அவன் கண்ணுக்குச் சரியாகப் பிரிவதில்லையாம். பிறவியிலேயே. மருந்து கிடையாது. பத்தொன்பது வயது வரை அவனுக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.

“ரெண்டு விளக்கா இருந்தா குத்துமதிப்பா சொல்லியிருப்பேன்” என்றான். சிரிக்கப் பார்த்தான்.

இது தாய் வழியாக வருவது என்றாராம் டாக்டர்.

“அம்மாகிட்ட சொல்லாதக்கா. தன்னாலதான்னு நெனச்சு நெனச்சே செத்துருவாங்க. கணக்குல ஃபெயில்னு சொல்லிருவோம்.”

அம்மா மீன் பையோடு வந்தார். கணக்கில் ஃபெயில் என்று அவனே சொன்னான். அவனை ஒன்றும் கேட்கவில்லை அம்மா. என் பக்கம் திரும்பினார்.

“நீயெல்லாம் ஒரு டீச்சரு. இத்தன மாசம் என்னத்த சொல்லிக் குடுத்த?”

“சரியா சொல்லித் தரலம்மா” என்றேன்.

12, ஞாயிறு
பூசை. கோயில் வாசலில் எல்லாரும் கேட்டார்கள். “கணக்குதான் கால வாரிருச்சு. அடுத்த வருஷம் பாப்போம்” என்று அம்மா ஒவ்வொருவரிடமும். சூசை அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார்; அந்த இரண்டு விளக்குகள் அவருக்கு நினைவு வந்ததோ என்னவோ.

மத்தியானம் கடும் வெயில். அந்தோணி கொல்லையில் நின்று கொடியில் காய்ந்த சேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அது என்ன கலர்க்கா?”

பச்சை.

“பக்கத்துல?”

சிவப்பு.

“ம்.”

உள்ளே வந்து குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

13, திங்கள்
தூறல். பள்ளியில் எதிலும் மனம் ஒட்டவில்லை. சாயங்காலம் அம்மாவே மேசையைத் துடைத்து, அல்ஜீப்ரா புத்தகத்தை எடுத்து வைத்தார். “மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிங்க” என்று எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கினார்.

அந்தோணி என்னைப் பார்த்தான். எழுத ஆரம்பித்தான். முதல் கணக்கு சரி. இரண்டாவதும் சரி. மூன்றாவதில் வேண்டுமென்றே தப்பாகப் போட்டான். அடித்துத் திருத்தினேன்.

அம்மா எட்டிப் பார்த்தார். “பாத்தியா, இங்கதான் கோட்ட விடுற.”