மூன்று கேமராவும் ஒரு சின்னச் சக்கரமும்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். இங்கே நான் நலம், ஸ்டுடியோ நலம், உன் அண்ணனுடைய முன்கோபமும் குறைவில்லாமல் நலம். அங்கே நீயும் பெண்டாட்டி பேச்சைக் கேட்டு ஒழுங்காக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் உன் அண்ணன் ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே நிற்கிறார். அதனால்தான் கடிதம். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். நான்காம் வகுப்போடு எனக்கும் பேனாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

நீ வாங்கித் தருவதாகச் சொன்ன கேமரா விஷயம். "மூணையும் ஒரு வாரம் வாடகைக்கு எடுத்துப் பாருங்க அண்ணி, அண்ணனுக்கு எது கைக்கு வருதோ அதைச் சொல்லுங்க" என்றாய். எடுத்தோம். வீட்டுக்குள் நுழைந்ததுமே மூன்றுக்கும் பெயர் வைத்துவிட்டேன். நீ ஆகா ஓகோ என்று புகழ்ந்தாயே, அது குண்டன். தூக்கினால் தோள்பட்டை கேட்கிறது. உன் பட்டியலில் இரண்டாவது சிடுமூஞ்சி, பட்டனை அழுத்தினால் பல்லைக் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம். மூன்றாவது மாப்பிள்ளை. பளபளப்புக்குக் குறைச்சல் இல்லை, ஆனால் எதைத் தொட்டால் எது திறக்கும் என்று அதற்கே தெரியாது.

உன் அண்ணன் முப்பது வருஷமாக ஒரே கம்பெனிக்கு வாழ்க்கைப்பட்டவர். மற்ற இரண்டையும் தொடாமலே குறை சொல்வார் என்று தெரியும். அதனால் மூன்றிலும் கம்பெனிப் பெயரை மறைத்துக் கறுப்பு டேப் ஒட்டிக் கொடுத்தேன். கையில் வாங்கின மாத்திரத்தில் எது எந்தக் கம்பெனி என்று சொல்லிவிட்டார். ஒட்டின டேப்தான் வீண்.

எனக்கோ, எதில் என்ன இருக்கிறது என்று பார்க்காவிட்டால் தூக்கம் வராது. கீழ்க் கடைத் தையல்கார அக்காவிடம் நூல்கண்டுப் பலகையை வாங்கி வந்து, ஸ்டுடியோ ஷட்டரைப் பாதி இறக்கி, அந்த மங்கல் வெளிச்சத்திலேயே மூன்றிலும் படம் பிடித்தோம். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, பட்டனை நான்தான் அழுத்தினேன். பிரிண்ட் போட்டு, பின்பக்கம் ஒன்று இரண்டு மூன்று என்று குறித்து, நூலின் நிறம் எதில் சரியாக வந்திருக்கிறது என்று அக்காவிடம் நீட்டினேன். மூன்று தடவை கலைத்துக் கொடுத்தேன், மூன்று தடவையும் சிடுமூஞ்சியின் படத்தையே எடுத்தாள். "இதுலதான் அரக்கு அரக்கா இருக்கு, மத்ததுல செங்கல்லு" என்றாள். இருட்டில் புள்ளி புள்ளியாகத் தெரிவதும் சிடுமூஞ்சியில்தான் குறைவு. வேகத்தில் குண்டனை அடிக்க முடியாது. அக்கா மாடிப்படி இறங்குவதை எடுத்தால் படிக்கு ஒரு முகம். எல்லாவற்றிலும் என்னைத் திட்டுகிற முகம்.

இதுவரை நல்லபடியாகத்தான் போனது. பிறகு உன் அண்ணன் முகம் எடுக்க உட்கார்ந்தார். அவர் வழக்கம் உனக்குத் தெரியும். கேமரா தானாகக் குறி பார்ப்பதை நம்ப மாட்டார். வலது கண்ணை வைத்து, லென்ஸ் வளையத்தைத் தன் விரலால் திருகினால்தான் திருப்தி. என்னை ஸ்டூலில் உட்கார வைத்து மூன்றிலும் எடுத்தார். மூன்றிலும் என் காது கண்ணாடி மாதிரி தெளிவு, முகம் மட்டும் புகை. "சுருக்கமே தெரியலை, மூணையும் வாங்கிடலாம்" என்றேன். சிரிக்கவில்லை. வாடகைக்குக் கொடுத்த கடைக்காரர் வேறு லென்ஸ் கொடுத்தார். அதிலும் அதே கதை. "ஆட்டோவுல போட்டா யார் வேணா எடுப்பாங்க. என் கையில எதுவும் நிக்க மாட்டேங்குது. தம்பிகிட்ட வேண்டாம்னு சொல்லிடு, ஸ்டுடியோவையும் மூடிடலாம்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் சமாளித்திருப்பேன். மெதுவாகச் சொன்னார்.

மறுநாள் திருப்பிக் கொடுப்பதற்காக மூன்றையும் துடைத்துக்கொண்டிருந்தேன். கண் வைத்துப் பார்க்கிற இடத்துக்குப் பக்கத்தில் குன்றிமணி அளவு ஒரு சக்கரம் இருக்கிறது. மூன்றிலும் அது ஒரே பக்கமாகக் கடைசி வரை திருகியிருந்தது. உள்ளே பார்த்தால் எனக்கு ஒரே பனி. நடுவுக்குக் கொண்டுவந்தேன், எதிர்க்கடைப் பலகையின் எழுத்தெல்லாம் தெரிந்தது. கடைக்காரரிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டேன். "பாக்குறவங்க கண்ணுக்குத் தகுந்த மாதிரி திருப்பிக்கிறதுக்குதான் அது. கடைசி வரைக்கும் திருப்பியும் தெரியலைன்னா கோளாறு கேமராவுல இல்ல" என்றார்.

போன மாதம் ஒரு பள்ளிக்கூடக் குரூப் போட்டோவை இரண்டாம் முறை போய் எடுத்துக் கொடுத்தோம். பிள்ளைகள் அசைந்துவிட்டார்கள் என்றார் உன் அண்ணன். நாற்பது பிள்ளைகளும் ஒரே நொடியில் அசைந்தார்களாம், நானும் நம்பினேன். நேற்று விளையாட்டுப் போல, "இடது கண்ணை மூடிக்கிட்டுக் காலண்டர்ல தேதி என்னன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்றேன். பால் வாங்கி வருகிறேன் என்று வெளியே போய்விட்டார். வீட்டில் இரண்டு பாக்கெட் இருந்தது.

டாக்டரிடம் போகலாம் என்றால் காதிலேயே வாங்க மாட்டார். தனக்காக ஒரு மாத்திரை வாங்காத மனிதர், கேமராவுக்கு என்றால் விடியற்காலையிலேயே வரிசையில் நிற்பார். அதனால் நீ ஒன்று செய். சிடுமூஞ்சியையே வாங்குவதாக முடிவு செய்துவிட்டேன் என்று அவருக்கு எழுது. இரண்டு கண்ணின் நம்பரும் டாக்டர் கையெழுத்தோடு அனுப்பினால்தான், பார்க்கிற இடத்தில் பொருத்தும் கண்ணாடியைச் சேர்த்துத் தருவார்களாம் என்று சொல். முழுப் பொய்யும் இல்லை. அப்படி ஒரு கண்ணாடி நிஜமாகவே இருக்கிறதாம், கடைக்காரரிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.

டாக்டர் சீட்டில் என்ன வந்தாலும் நீ கேமராவை அனுப்பிவிடு. கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்றால் நல்லது. இல்லை என்றால் அவர் படம் எடுக்க வருகிறவர்களைச் சிரிக்க வைக்கட்டும், வெளிச்சம் வைக்கட்டும், வளையத்தை நான் திருகிக்கொள்கிறேன். முப்பது வருஷமாக அவரையே திருகிக்கொண்டிருப்பவளுக்கு அது ஒரு வேலையா.

நானும் நீயும் கலந்து பேசினது தெரிய வேண்டாம். இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. உன் வீட்டில் எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். அவருக்கு நீ எழுதுகிற கடிதத்தில், எழுத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாக எழுது தம்பி.

என்றும் உன் நன்மையே நினைக்கும்,
அண்ணி