மூன்றாம் புட்டியின் முடிவு

அன்புள்ள கிராணியாருக்கு,

நேற்றுத் தபாலில் சிங்கப்பூரிலிருந்து உங்கள் நாவல் வந்தது. மூன்றாம் பதிப்பு. கட்டைப் பிரித்ததும் அச்சு மையும் பசையும் கலந்த வாசனை எழுந்து, ஆஸ்பத்திரியின் டிஞ்சர் வாடையைக் கொஞ்ச நேரம் அமுக்கிவிட்டது. அட்டையில் 'மூன்றாம் புட்டி' என்று சிவப்பில் கொட்டை எழுத்து. கீழே உங்கள் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போட்டிருக்கிறார்கள். அதைப் படித்ததும் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அழுகை அப்புறம் வந்தது.

முன்னுரை எழுதியவர் யாரோ ஒரு பண்டிதர். மலாய் நாட்டில் இப்படி ஒரு துப்பறியும் நாவல் தமிழில் வந்ததில்லை என்று நாலு பக்கம் புகழ்ந்துவிட்டு, கடைசிப் பத்தியில், "முடிவில் மட்டும் ஆசிரியர் கோட்டை விட்டுவிட்டார், அவசரமோ சோம்பலோ தெரியவில்லை" என்று முடித்திருக்கிறார். சோம்பலாம். அடுத்த பதிப்பில் சேர்க்க உங்கள் வாழ்க்கையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி பதிப்பாளர் எனக்கு ஒரு கடிதமும் வைத்திருந்தார். இன்று காலை எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். அதில் என்ன எழுதினேன் என்று உங்களிடம் சொல்லாமல் எனக்கு வேலை ஓடவில்லை.

ஜோகூரில் செனாய்க்கு உள்ளே அந்த ரப்பர்த் தோட்டத்தில், துரையை விட்டால் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் நாம் இருவர்தான். நீங்கள் கிராணியாக ஆபீசில் கூலிகளின் பேர் எழுதினீர்கள், நான் டிரஸராக ஆஸ்பத்திரியில் மருந்து கலந்தேன். நம்மில் யார் மூத்தவர் என்ற வழக்கு தீராததால், "கிராணியாரே", "டிரஸரே" என்று கூப்பிட்டே காலத்தைத் தள்ளிவிட்டோம்.

ஆபீஸ் பூட்டியதும் நேரே என்னிடம் வந்துவிடுவீர்கள். கதையில் பெக்கான் நானாஸ் ஊரில் அன்னாசித் தோட்ட முதலாளி ஒருவர் விஷத்தால் சாக வேண்டும், அதற்கு உங்களுக்கு விவரம் வேண்டும். வேளைக்கு எவ்வளவு என்று காட்டும் காகிதத்தைப் புட்டியில் எப்படி ஒட்டுவது? கசப்பு மருந்தில் இன்னொரு கசப்பைக் கலந்தால் நாக்குக்குத் தெரியுமா? நானும் பெரிய மனிதன் தோரணையில் பதில் சொல்வேன். என்னையே நீங்கள் எழுதிக்கொண்டிருந்தீர்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை. புட்டியின் வாயைக் கட்டைவிரலால் துடைப்பது, மருந்து கலக்கும்போது மூக்கால் பாடுவது, கண்ணாடியைச் சட்டை நுனியில் தேய்ப்பது, எல்லாம் அப்படியே உங்கள் கதையின் டிரஸருக்குப் போய்ச் சேர்ந்தன.

கதை சிங்கப்பூர் வாரப் பத்திரிகை ஒன்றில் தொடராக வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பால்மரம் வெட்டப் போகிறவர்கள் மற்ற நாளில் பிள்ளைகளை விட்டுச்செல்லும் ஆயாக் கொட்டகையில் உட்கார்ந்து நீங்களே அதை வாசிப்பீர்கள். கூலிகள் குடியிருக்கும் லயமே கூடிவிடும். முதலாளிக்குக் காய்ச்சல் வருகிறது. டிரஸரிடம் மூன்று புட்டி மருந்து வாங்குகிறார். இரண்டைக் குடித்துத் தேறுகிறார், மூன்றாவதைக் குடித்துச் சாகிறார். அந்த அத்தியாயத்தை நீங்கள் வாசித்து முடித்தபோது கொட்டகையில் இருந்த அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. நான் பெருமையாகச் சிரித்துக்கொண்டு, போதாக்குறைக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தேன்.

நம் ஆஸ்பத்திரியிலும் காய்ச்சலுக்கு மூன்று புட்டி கொயினாதான் கணக்கு. மூன்றையும் குடித்தால்தான் காய்ச்சல் ஒழியும். அந்த மழைக்காலத்தில் பார்த்தால், தேறி வேலைக்குப் போனவர்கள் எல்லாம் பதினைந்து நாளில் திரும்பவும் போர்வையோடு வந்து நின்றார்கள். மருந்து பழசோ என்று பார்த்தேன். கொசு ஒழியச் சாக்கடையிலெல்லாம் எண்ணெய் ஊற்றச் சொன்னேன். ஒரு நாள் லயத்துக்குப் பின்னால் வாழையடியில் புட்டிகள் கிடந்தன. மூடி திறந்து, மருந்து மண்ணில் கொட்டியிருந்தது. அந்த வாழைக்குப் பக்கத்து வீட்டுக் குப்பனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"கோச்சுக்காதீங்க டிரஸர் ஐயா. ரெண்டு புட்டி குடிச்சோம், நல்லாயிருச்சு. மூணாவது எதுக்குன்னு விட்டுட்டோம்."

"மூணாவது வேணாம்னு யாரு சொன்னா?"

அவன் தலையைச் சொறிந்தான். "கிராணி ஐயா கதையில அந்த முதலாளி செத்தாருல்ல. உங்க மேல சந்தேகம்லாம் இல்லைங்கய்யா. ஆனா எதுக்கு வம்பு?"

கையில் ஒரு புட்டியோடு உங்கள் ஆபீசுக்கு வந்து நான் கத்தியது உங்களுக்கு மறந்திருக்காது. நீங்கள் முதலில் சிரித்தீர்கள். "கதை எது, நெசம் எதுன்னு தெரியாத ஆளுங்களா டிரஸரே? கொலைகாரன் யாருன்னு வந்துட்டா எல்லாம் சரியாயிடும்."

"கொலைகாரன் யாரு?"

நீங்கள் மேசை இழுப்பறையிலிருந்து பதினோரு தாளை எடுத்துக் கொடுத்தீர்கள். நின்றபடியே படித்தேன். டிரஸர்தான். புட்டி வாயில் படிந்த கட்டைவிரல் ரேகையிலிருந்து துப்பறிகிறவர் அவனை நெருங்கும் விதம் இருக்கிறதே, அத்தனை கோபத்திலும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. லயத்து ஜனங்கள் தப்பாகத் துப்பறியவில்லை. கதைக்குள் அவர்கள் கண்டுபிடித்தது சரிதான்.

"இதை மாத்துங்க" என்றேன்.

"ஒரு வருசத்து வேலை. நீங்க மருந்து கலக்கறத நான் மாத்தச் சொன்னேனா?" என்றீர்கள். ஒரு வாரம் நாம் பேசிக்கொள்ளவில்லை.

அந்த வாரத்தில்தான் குப்பனின் மனைவி அஞ்சலையைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். ஏழு மாதக் கர்ப்பிணி. மூன்றாம் முறையாகக் காய்ச்சல் திரும்பியிருந்தது. நினைவு இருந்தது, ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு என் மருந்தை வாங்க மறுத்தாள். ஊசி போடலாம் என்றால் கையைத் தொடவிடவில்லை. குப்பன் கெஞ்சினான், நான் அதட்டினேன். பொழுது சாய்வதற்குள் மருந்து உள்ளே போகாவிட்டால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. வேறு வழியில்லாமல் உங்களுக்கு ஆள் அனுப்பினேன்.

வந்தீர்கள். ஒன்றும் கேட்காமல் புட்டியை எடுத்து, அவள் கண்ணெதிரே ஒரு வேளை மருந்தை மடமடவென்று குடித்துக் காட்டினீர்கள். அஞ்சலை உங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க எழுதினவரு. உங்களுக்கு ஒன்னும் ஆவாது" என்றாள்.

அப்புறம் அவளே சொன்னாள்: "டிரஸர் ஐயா கொல்லலன்னு எழுதிப் படிங்க. குடிக்கிறேன்."

என் மேசையிலிருந்த காய்ச்சல் அட்டைகளை எடுத்துத் திருப்பி, பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தீர்கள். முற்பகலில் தொடங்கியது மத்தியானச் சோற்று மணி அடிக்கும்போது முடிந்தது. அதுவரை கதையில் தலைகாட்டாத ஒரு மருமகன் பினாங்கிலிருந்து வருகிறான், அவனே புட்டியை மாற்றி வைத்தவன். டிரஸர் அப்பாவி. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவளுக்கு வாசித்தீர்கள். உங்கள் குரல் ஒரே சீராக இருந்தது. அஞ்சலை இரண்டு இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்டாள், நீங்கள் பதில் சொன்னீர்கள். பிறகு வாயைத் திறந்தாள். பிழைத்துக்கொண்டாள். அவளுக்குப் பிறந்த பெண் இப்போது ஆயாக் கொட்டகையில் மற்றப் பிள்ளைகளை மேய்க்கிறது.

பத்திரிகைக்குப் பழைய முடிவையே அனுப்பிவிடலாம் என்று நான்தான் மெதுவாகச் சொன்னேன். தோட்டத்தில் பத்திரிகை படிக்கத் தெரிந்தவர் நம்மை விட்டால் யார்? "அவகிட்ட ஒன்னு படிச்சுட்டு அச்சுல வேற போடறதா?" என்றீர்கள். ஊசி கொதிக்கவைக்கும் அடுப்பில் அந்தப் பதினோரு தாளையும் வைத்தீர்கள். கையை நீட்டியிருந்தால் பிடுங்கியிருக்கலாம். நான் பிடுங்கவில்லை. எனக்கு நிம்மதியாகவே இருந்தது.

புத்தகமாக வந்ததும் ஊரெல்லாம் படித்தார்கள், ஊரெல்லாம் முடிவைத் திட்டினார்கள். அடுத்த கதைக்கு நீங்கள் பேனாவைத் திறக்கவில்லை. ரப்பர் விலை விழுந்தபோது உங்களுக்குச் சீட்டுக் கிழித்தார்கள். ஜோகூர் பாருவில் கோர்ட் வாசலில் மனு எழுதிப் பிழைத்தீர்கள், நெஞ்சுச் சளி முற்றிக் கண்ணை மூடிவிட்டீர்கள். இவ்வளவையும் பதிப்பாளருக்கு எழுதினேன். என் பெயரும் நான் பார்க்கும் வேலையும் அதில் இருக்கின்றன. அச்சேறினால் தோட்டக் கம்பெனி விளக்கம் கேட்கும். கேட்கட்டும்.

ஒன்றை மட்டும் அதில் எழுதக் கை வரவில்லை. அதை உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும்.

நீங்கள் வேலை இழந்த அடுத்த வருஷம் ஜோகூர் பாரு வாசகசாலையில் உங்கள் நாவலைப் பற்றிக் கூட்டம் போட்டார்கள். நீங்கள் முதல் வரிசையில் துவைத்து வெளுத்த கோட்டோடு உட்கார்ந்திருந்தீர்கள். எனக்குப் பின்னால் எங்கள் கம்பெனியின் புது டாக்டர் இருந்தார். மாதம் ஒரு டிரஸரை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. தலைவர் என்னைப் பார்த்து, "நீங்க அவருக்கு நெருங்கின சிநேகிதர். சொல்லுங்க, முடிவு எப்படி?" என்றார். என் நோயாளிகள் என் மருந்தை மண்ணில் கொட்டினார்கள் என்று அந்த டாக்டர் காதில் விழச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

"முடிவு சப்புன்னுதான் போச்சு" என்றேன்.

நான் வாயை மூடுவதற்குள், சபையில் எல்லோருக்கும் முந்தி நீங்கள்தான் சிரித்தீர்கள். உங்களைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள், என் முகத்தை யாரும் கவனிக்கவில்லை. வெளியே வந்ததும், "தோட்டத்துல காய்ச்சல் எப்படி இருக்கு டிரஸரே?" என்று கேட்டீர்கள். "கொறஞ்சிருக்கு" என்றேன். நீங்கள் என்னோடு கடைசியாகப் பேசியது அதுதான்.

அன்று சபையில் எழுந்து நின்று நான் சொல்லியிருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. நீங்கள் காது கொடுத்துக் கேட்கக்கூடிய இடத்தில் இருந்தீர்கள், எனக்கு வாய் இருந்தது. இன்றுவரை அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிகிறேன்: உங்கள் முடிவு நல்ல முடிவு, கிராணியாரே.